அக்கா எண்ணிய நீல நூல்கள்

என் அக்காவின் வேலை ஆற்றுத் தண்ணீரில் இருக்கும் பிளாஸ்டிக்கை எண்ணுவது. வெளியில் சொன்னால் யாரும் முதல் தடவையில் நம்புவதில்லை. "எண்ணுறதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க? எங்க தெருச் சாக்கடைக்கு அனுப்புங்க, ஓவர்டைமே கிடைக்கும்" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கூடப்பிறந்த தம்பி என்கிற உரிமையில் அந்தச் சிரிப்பில் பெரிய பங்கு என்னுடையதுதான்.

அவள் எண்ணுவது மிதந்து வரும் பாட்டிலையும் பையையும் அல்ல. அவை கடைசியில் என்னவாக ஆகின்றனவோ அதை. ஒருநாள் மொட்டை மாடியில் நாங்கள் மறந்துபோன ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கினேன். கைப்பிடி என்னோடு வந்தது, வாளி அங்கேயே நின்றுவிட்டது. விளிம்பைத் தொட்டால் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. துடைப்பத்தை எடுத்து எல்லாவற்றையும் மழைநீர்க் குழாய்ப் பக்கம் தள்ளப் போனேன். துணி காயப்போட வந்த அக்கா போட்ட சத்தத்தில் துடைப்பம் கைநழுவியது.

"டேய், அதை எங்கடா தள்ளுற?"

"மழை வந்தா போயிடும்க்கா."

"எங்க போகும்?"

எங்கே போகும் என்று நான் யோசித்ததில்லை. போய்விடும், அவ்வளவுதான். அக்கா உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் பொறுக்கினாள். "உள்ள இது சங்கிலி சங்கிலியா கோத்திருக்கும். வெயில் அதை அறுத்து அறுத்து விட்டுடும். அப்புறம் தண்ணி அடிச்சா உடையும், மணல்ல உரசினா உடையும், நீ தொட்டாலே உடையும்" என்றாள்.

"உடைஞ்சு மண்ணோட மண்ணாயிடும்ல?"

"மரம்னா ஆகும். இது லேசுல மக்காதுடா. சின்னதாகும், சின்னது இன்னும் சின்னதாகும். கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு நாம நினைச்சுக்கறோம்."

அவளுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. அந்த வாளி முழுவதும் பொறுக்கி முடிக்கும்வரை ஈரத்துணிகள் கூடையிலேயே கிடந்தன.

எங்கள் அப்பா லாண்டரி நடத்தியவர். முன்பக்கம் துவைக்கும் கூடம், அதை ஒட்டி இஸ்திரிக் கூடம், பின்பக்கம் வீடு. அக்கா அழுக்குத் துணியை நிறம் பிரிப்பாள், நான் மூட்டை சுமப்பேன். அப்பாவுக்குப் பிறகு லாண்டரி எனக்கு வந்தது. அக்கா அதற்கு முன்பே ஊர்க் குடிநீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலையில் சேர்ந்துவிட்டாள். அவள் கழுவிய குடுவையைப் பார்த்த அங்குள்ள அதிகாரியம்மா, இந்தக் கை குடுவையோடு நிற்க வேண்டிய கை இல்லை என்று நுண்ணோக்கியின் முன்னால் உட்கார வைத்தார். அன்றிலிருந்து அதுதான் அவள் நாற்காலி. வீட்டையும் நாங்கள் நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். இந்தப் பக்கம் நானும் என் மனைவியும், அந்தப் பக்கம் அக்காவும் மாமாவும். மாமா லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருப்பது அபூர்வம். "உங்க அக்கா என்னைச் சல்லடையில சலிச்சுத்தான் உள்ளயே விடுவா" என்பார்.

அதில் மிகை ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகும்போது அவள் பருத்தியைத் தவிர வேறு எதையும் உடுத்தமாட்டாள். ஆய்வகத்து வாசலில் ஒட்டும் உருளையால் உடம்பெல்லாம் ஒருதரம் உருட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். நம் உடுப்பிலிருந்து உதிரும் ஒரு நூல் தண்ணீரில் விழுந்துவிட்டால், அதையும் ஆற்றின் கணக்கில் எழுதிவிடுவோம் என்கிற பயம் அவளுக்கு. என் லாண்டரி ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் தூசியக்கா. அவளுக்கும் அது தெரியும். "தூசியில பெரிய தூசி யாருன்னு கேட்டுச் சொல்லு" என்று என்னைத்தான் முறைப்பாள்.

அவள் வேலை இப்படி நடக்கும். ஆற்றிலிருந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வரும். பாட்டிலில் இடத்தின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த இடத்துத் தண்ணீர் என்று தெரிந்தால் எண்ணுகிறவர் மனது ஒருபக்கம் சாயும் என்பதற்காக அந்த ஏற்பாடு. தண்ணீரைச் சல்லடையில் விட்டு, இலை தழை பாசியெல்லாம் கரைய மருந்து ஊற்றி வைத்து, பிறகு வடிதாளில் வடிகட்டுவாள். தாளில் தங்குவதை நுண்ணோக்கியில் பார்ப்பாள். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் சூடான ஊசியால் தொடுவாள். பிளாஸ்டிக் என்றால் சுருளும், உருகும். பருத்தி நூல் உருகாது. அதற்கும் மேலே உறுதி வேண்டுமென்றால் பக்கத்து அறையில் கருவி இருக்கிறது, எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அது சொல்லிவிடும். தினமும் காலையில் முதல் வேலையாக, ஒன்றுமே இல்லாத சுத்தத் தண்ணீரையும் இதே மாதிரி வடித்துப் பார்ப்பாள். அதில் எதுவும் தெரியாவிட்டால் அறை சுத்தம், அன்றைய எண்ணிக்கை செல்லும்.

போன வருடம் நகராட்சி, ஊர் குடிக்கிற ஆற்றில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னது. மேலே வீடுகளே இல்லாத இடத்திலிருந்து கீழே தண்ணீர் எடுக்கும் இடம்வரை பாட்டில்கள் நிரப்பப்பட்டன. அக்கா மாதக்கணக்கில் குனிந்த தலை நிமிராமல் எண்ணினாள். கடைசியில் நகராட்சிக் கூடத்தில் முடிவைப் படித்தார்கள். ஆற்றில் கழிவுநீர்க் கால்வாய் விட்டிருக்கிற எல்லாத் தொழில்காரர்களையும் அழைத்திருந்தார்கள், நானும் போயிருந்தேன்.

தண்ணீரில் அதிகம் இருந்தது நீல நிறப் பாலியஸ்டர் நூல் துணுக்குகள். அவை மிக அதிகமாக இருந்த இடம், லாண்டரிக் கால்வாய் ஆற்றில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே. ஊரில் இருப்பது ஒரே லாண்டரி. கூடத்தில் இருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

அப்பா காலத்தில் வந்ததெல்லாம் பருத்தி விரிப்பு. இப்போது விடுதிகளும் மருத்துவமனையும் கொடுப்பது மெத்தென்ற நீலப் பாலியஸ்டர் போர்வைகள். கனமில்லை, சீக்கிரம் காயும். என் லாண்டரிக்குச் சோறு போடுவதே அந்தப் போர்வைகள்தான். வடிகட்டும் தொட்டி கட்டும்வரை போர்வை துவைக்கக் கூடாது என்று உத்தரவு போடப் போவதாக நகராட்சிப் பொறியாளர் சொன்னார். தொட்டி கட்ட இடம் வேண்டுமென்றால் இஸ்திரிக் கூடத்தை இடிக்க வேண்டும். போர்வையும் இல்லை, இஸ்திரியும் இல்லை என்றால் அதற்குப் பெயர் லாண்டரி இல்லை, பூட்டின கடை. ஆட்சேபம் இருந்தால் அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நல்லா எண்ணினக்கா. கூடப்பிறந்தவன் வயித்துல அடிக்கிற மாதிரியே எண்ணியிருக்க."

"பாட்டில்ல நம்பர்தான்டா இருக்கும். சத்தியமா எனக்குத் தெரியாது."

"நீலம்னு தெரிஞ்சுதுல்ல? இந்த ஊர்ல நீலப் போர்வை வேற யார் துவைக்கிறாங்க?"

நான் கதவை அறைந்துவிட்டு வந்தேன். அது அவள் கதவு. என் கதவு என்றால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

அதன்பிறகு பேச்சு நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டவள் என் மனைவி. இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவள்தான் தபால்காரி. "அண்ணி கேக்கறாங்க, நீங்க சாப்பிட்டீங்களான்னு." "சாப்பிட்டேன்னு சொல்லு." நான் சொன்னது அங்கே கேட்டிருக்கும், அவள் கேட்டது இங்கே கேட்டிருக்கும். ஆனாலும் தபால் நடந்தது.

ஆட்சேபம் எழுதுவதற்காக ஆய்வறிக்கையின் பிரதியை வாங்கி வந்தேன். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியில் ஓர் இடத்தில் கண் நின்றது. ஊருக்கு மேலே, வீடே இல்லாத இடத்தில் எடுத்த பாட்டிலிலும் நீல நூல் இருந்ததாம். காற்றில் பறந்து வந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னலோரம் போய், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி மனைவியிடம் சொன்னேன்:

"பாத்தியா, நம்ம லாண்டரித் தண்ணி மேட்டுல ஏறி ஓடுதாம்! உலக அதிசயம். டிக்கெட் போட்டுக் காட்டலாம்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அக்காவின் முகம் ஜன்னலில் தெரிந்தது.

"எந்த பாட்டில்டா?" தபால்காரி இல்லாமல் அவளே கேட்டாள்.

அறிக்கையை ஜன்னல் வழியாக நீட்டினேன். நின்றபடியே படித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஆய்வகத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். காலையில் வழக்கமாகச் செய்யும் சுத்தத் தண்ணீர்ச் சோதனையை முடித்தாள், எதுவும் இல்லை. சில பாட்டில்களைப் பார்த்து முடித்த பிறகு, நடுப்பகலில், அதே சோதனையை மறுபடி செய்தாள். சுத்தத் தண்ணீரில் நீல நூல்கள் கிடந்தன. போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள், திரைச்சீலையைப் பார்த்தாள், நாற்காலி உறையைப் பார்த்தாள். கடைசியில் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் நடுவே மேசையையும் சல்லடையையும் துடைக்க அவள் வைத்திருந்த துணி. நீல நிறம். பழைய பருத்தித் துணியில் துடைத்தால் கண்ணுக்குத் தெரிகிற பிசிறு ஒட்டுகிறது என்று, கடையில் தேடித்தேடி அவளே வாங்கி வந்த துணி. தூசியே விடாது என்று அதன் உறையில் போட்டிருந்தது. அது பருத்தி இல்லை, மயிரை விட மெல்லிய பிளாஸ்டிக் இழைகளால், அதே பாலியஸ்டரால் ஆனது. காலைச் சோதனை முதல் துடைப்புக்கு முன்பே முடிந்துவிடும், அதனால் எப்போதும் சுத்தமாக வரும். பிறகு நாள் முழுவதும் துடைக்கத் துடைக்க அது ஒவ்வொரு பாட்டிலிலும் தன் பங்கைப் போட்டிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு வராது. மேசையைத் துடைக்காத சோம்பேறிக்கு வர வாய்ப்பே இல்லை.

அன்றே அதிகாரியம்மாவிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று என்னிடமும் சொன்னாள். முகம் காய்ச்சல்காரி போல வெளுத்திருந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மறைக்கவும் இல்லை.

"அப்போ எல்லாமே தப்பு! நான் சொன்னேன்ல?"

"எல்லாம்னு சொல்ல முடியாதுடா. எவ்வளவு தப்புன்னு தெரியாது."

"தப்புல எவ்வளவு என்னக்கா? தப்புன்னா தப்பு."

அதிகாரியம்மாவும் கிட்டத்தட்ட அதையே சொன்னாராம். துணியைக் கவனிக்காதது தன் பொறுப்பும்தான், ஆய்வையே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அடுத்த வருடம் புதிதாக ஆரம்பிக்கலாம் என்றாராம். ஆனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஜோடியாக இன்னொரு பாட்டில், திறக்காமல், குளிர் அறையில் இருந்தது. அவற்றை வைத்து மறுபடி எண்ணலாம். எண்ணுவதா விடுவதா என்பதை அக்காவின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். மறுபடி நோகப்போவது அவள் கண்தானே.

அப்போது நான் கேட்டேன். வெட்கப்படாமல்தான் கேட்டேன், லாண்டரி போனால் எனக்கு வேறு வேலை தெரியாது.

"விட்டுடேன்க்கா. யாரும் உன்னைக் குத்தம் சொல்லப் போறதில்ல. தானாடாட்டியும் தன் சதையாடும்னு சொல்வாங்க. உனக்கு ஆடலையா?"

"ஆடுதுடா" என்றாள். "அதான் பயமா இருக்கு. கை ஆடுச்சுன்னா இடுக்கியில நூல் நிக்காது."

என் மனைவி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். அக்கா பாதி குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் எண்ணத்தான் போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவள்.

எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது. நீலமெல்லாம் அந்தத் துணியுடையது, மறுபடி எண்ணினால் ஒன்றும் இருக்காது. மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் மெஷின்காரர் மட்டும் அதற்கு ஆமாம் போடவில்லை. வடிகால் வாயில் உள்ள கம்பி வலையிலிருந்து தினமும் நீலப் பஞ்சைக் கை நிறைய வழித்தெடுத்துக் குப்பையில் போடுகிறவர் அவர்தான். வலையில் நிற்பதே அவ்வளவு என்றால் நிற்காமல் போவது எவ்வளவு என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்கா இந்தத் தடவை துணியே வைத்துக்கொள்ளவில்லை. வடிகட்டிய தண்ணீரால் கழுவினாள், தானாகக் காயவிட்டாள். சுத்தத் தண்ணீர்ச் சோதனையைக் காலை, மதியம், சாயங்காலம் என்று செய்தாள். லாண்டரிக்காரன் தன் தம்பி என்று அதிகாரியம்மாவிடம் எழுதியே கொடுத்துவிட்டாள். அவர் பாட்டில்களுக்கு எண்ணை மாற்றி ஒட்டினார், அவள் எண்ணியதைச் சரிபார்க்க வேறொருவரையும் உட்கார வைத்தார். வீட்டுக்கு வந்தால் கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். "அண்ணிக்குக் கண்ணெல்லாம் செவந்து கிடக்கு" என்று என் மனைவி சொல்வாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் போய்ப் பார்க்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா லாண்டரிக்கே வந்தாள். துவைக்கும் கூடத்துக்குள் அவள் வந்து பல வருடம் ஆகிறது. பெரிய மெஷினில் விடுதிப் போர்வைகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்று மூட்டைகள் அடுக்கியிருக்கும் மூலைக்குக் கூட்டிப்போனேன்.

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லப் போறாங்க. நீ அங்க போய்த்தான் முதல்ல தெரிஞ்சுக்கணும்னு ஆயிடக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றாள். "மேல எடுத்த பாட்டில்ல நீலமே இல்ல. நீ கேட்டது சரி. அது அந்தத் துணிதான். மத்த பாட்டில்லயும் நிறையக் குறைஞ்சிடுச்சு."

"நம்ம கால்வாய்க்குக் கீழ?"

"அங்கயும் பாதி போயிடுச்சு."

"மீதி?"

அவள் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "மீதி உன்னோடதுதான்டா. எண்ணி முடிச்சப்புறம்தான் எந்த பாட்டில் எந்த இடம்னு அதிகாரியம்மா சொன்னாங்க. என் கட்டில்ல கிடக்கே, விடுதிக்காரங்க கழிச்சதுன்னு நீ குடுத்த நீலப் போர்வை, அதுலேர்ந்து ஒரு நூல் எடுத்துட்டுப் போய் கருவியில வெச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் எண்ணிக்கையில் எல்லா பாட்டிலிலும் நீலம் இருந்ததால் என் நீலம் கும்பலோடு கும்பலாக நின்றது. துணியின் நீலத்தைக் கழித்த பிறகு, மேலே ஒன்றும் இல்லை, என் கால்வாயிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஜன்னலோரம் நின்று நான் அடித்த கேலிதான் என்னைத் தனியாகப் பிரித்து நிறுத்தியிருக்கிறது. யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. கோபம் மட்டும் நிறைய இருந்தது.

"ஒரு தடவை எண்ணிட்டு விட்டுட்டியாக்கா? திரும்பப் பாத்தியா?"

"உன்னோடதுன்னு தெரிஞ்சப்புறம் மூணு தடவை எண்ணினேன்." அவள் குரல் மெஷின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "எத்தனை வருஷமா எண்ணுறேன், இத்தனை இருக்கணும், அத்தனை இருக்கணும்னு ஒரு நாளும் நினைச்சதில்லடா. மூணாவது தடவை எண்ணும்போது, ஒண்ணாவது குறைஞ்சிடாதா, ஒண்ணே ஒண்ணாவது குறைஞ்சிடாதான்னு வேண்டிக்கிட்டே எண்ணினேன்."

"குறைஞ்சுதா?"

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தக் கண்கள் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"ஒண்ணு கூடிச்சுடா."

நான் மெஷின்காரரைக் கூப்பிட்டுப் போர்வை மெஷினை நிறுத்தச் சொன்னேன்.